பிலாவிளைப் புத்தன்வீட்டு நோயாளி

தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், அவன் முதலில் ஓடுவது டாக்டரிடம் இல்லை, ஜெராக்ஸ் கடைக்கு. எனக்கு வாய்த்த ஜெராக்ஸ் கடை களியக்காவிளையில், தமிழ்நாட்டில் இருக்கிறது. நான் குடியிருப்பது இஞ்சிவிளையில், கேரளத்தில், பாறசாலைப் பக்கம். நடுவே ஒரு நடை தூரம்தான். கடைப் பலகையில் எழுத்து மாறும், டீ மாறாது. எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்று விசாரித்துவிட்டு இரத்த அழுத்தமும் ஏறுவதில்லை. மாத்திரைதான் அப்படிச் சும்மா வராது. மாத்திரைக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்கு எண் வேண்டும், எண்ணுக்கு ஆதார் வேண்டும். என் ஆதாரில் இருப்பதோ குழித்துறை முகவரி.

கல்யாணமான புதிதில் மாமனார், "மாப்பிள்ளை, இஞ்சயே இருந்துக்கிடலாமே" என்று கூப்பிட்டார். தன்மானம் என்று ஒன்றைக் காரணம் காட்டி மறுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு வாடகையையும் பென்ஷனையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்ததில் அந்தத் தன்மானம் வெகுவாக இளகிக்கொடுத்தது. மனைவிக்குப் பாகத்தில் கிடைத்த வீட்டுக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். பேரன் எடுத்த பிறகு வீட்டோட மாப்பிள்ளை ஆனவன் இந்த எல்லைப்புறத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த இக்கட்டுக்கெல்லாம் மூலம் மாநில எல்லையை மாற்றி வரைந்த 1956 நவம்பர் 1 என்பது என் கட்சி. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, அவற்றோடு செங்கோட்டையில் பெரும்பகுதி. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது, மாமனார் வீட்டோடு. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்று மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். அதில் பணிக்கர் மலையாளி என்பதை எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இன்றைக்கும் ஞாபகப்படுத்துவார்கள். ஆனால் மூவரில் ஒருவரும் என் இரத்த அழுத்தத்தைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

குழித்துறையில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டத்தில், தோளில் பையோடு ஒரு பெண் வருவாள். கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதுகூட இல்லை. இடம் மாறி வந்ததும் மாத்திரை தீர்ந்தது. "பக்கத்துல சர்க்கார் ஆசுபத்திரி இருக்குல்லா? போய் ஒரு ஓபி டிக்கெட் எடுத்தாத் தீந்துது" என்றாள் மனைவி. தாலுகா ஆபீசில் வேலை பார்க்காத குடும்பத்தில் பிறந்தவள். எதையும் தீரும் என்று நம்புகிறவள்.

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. என் மேசைக்கு ஒரு சான்றோடு வந்தவரிடம் இரண்டாவது எங்கே என்று கேட்டிருக்கிறேன். இரண்டோடு வந்தவரிடம் அசல் எங்கே என்று கேட்டிருக்கிறேன். அசலோடு வந்தவரைப் பார்த்துக் கொஞ்சம் வருத்தப்பட்டு, நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என்னைப் போல ஒருவன் பாறசாலைப் பக்கத்திலும் இல்லாமலா போவான்? ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம், கரண்ட் பில், மனைவி பேரிலுள்ள வீட்டு வரி ரசீது, அந்த மனைவி என் மனைவிதான் என்பதற்குக் கல்யாணப் பதிவுச் சான்று, அதிலிருக்கும் கையெழுத்து என் கையெழுத்துதான் என்பதற்கு வங்கிப் புத்தகம் என்று ஒன்றுக்கொன்று காவலாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, நூல் போட்டுக் கட்டினேன். கோப்பைக் கையில் எடுத்தபோதே மூச்சு வாங்கியது. நோயாளி என்பதற்கு அதுவே சான்று.

கேரளத்தில் 2017இல் 'ஆர்த்ரம்' என்று ஒரு திட்டம் வந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய கேந்திரங்களாக மாற்ற ஆரம்பித்தார்கள். சாயங்காலம் வரை ஓபி, உட்கார நாற்காலி, டோக்கன், டாக்டரைப் பார்க்கும் முன்பே நர்ஸ் பிரஷரும் எடையும் பார்த்து எழுதும் ஏற்பாடு எல்லாம் அப்போது வந்தவை. நான் போன இடத்திலும் வரிசையாக நாற்காலி கிடந்தது. முண்டியடிக்கத் தயாராகப் போனவனுக்கு உட்காரச் சொன்னால் கையும் காலும் ஓடாது. மடியில் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கேசு வக்கீலப் பாக்க வந்தியளா?" என்று கேட்டாள் பக்கத்து நாற்காலிப் பாட்டி.

அடுத்த பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். என் கோப்பைப் பார்த்து அவனுக்கு மனம் இளகிவிட்டது. "மாமா, ஆன்லைன்ல போட்டா இந்த லைனே வேண்டாம். ஈ-ஹெல்த்னு ஒரு போர்ட்டல் உண்டு. ஆதார் நம்பர் அடிச்சா ஓடிபி வரும். பிறகு பதினாறு இலக்கத்துல உங்களுக்குன்னு ஒரு நம்பர். அது உங்க ஆயுசுக்கும் உள்ளது" என்றான். பென்ஷனுக்குப் பிறகு என் ஆயுசு முழுக்க உள்ளதாக வேறொன்றும் கிடைக்கவில்லையே என்று சம்மதித்தேன். எண்ணைச் சொன்னேன். அடித்தான். ஓடிபி போயே போய்விட்டது, துபாய்க்கு.

ஆதார் எடுத்த காலத்தில் வீட்டிலிருந்த ஒரே நல்ல கைபேசி மகனுடையது. அந்த எண்ணையே கொடுத்திருந்தோம். அவன் அதைத் தூக்கிக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டான். பையனின் போனிலேயே மகனைக் கூப்பிட்டேன். அங்கே அவன் தூங்கி எழுந்த நேரம்.

"மக்களே, இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும். அதச் சொல்லு."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "யாரு பேசுறது?"

"உன் அப்பன் பேசுறேன்டே."

"இது அப்பா நம்பர் இல்லியே."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதே, தெரிந்த குரலில் பேசினாலும் நம்பாதே என்று வாட்ஸப்பில் அவனுக்குத் தினம் ஒரு எச்சரிக்கையாக அனுப்பிவைத்தவன் நான்தான். அத்தனையையும் படித்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீங்கதான் எங்கப்பாங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றான்.

இத்தனை காலம் ஊராரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி, என் சொந்த இரத்தத்தின் வாயிலிருந்து. கோப்பில் அதற்கும் ஒரு சான்று இருந்தது, போனில் காட்டத்தான் வழியில்லை. "என்ன வேணும்னாலும் கேளு" என்றேன்.

"பத்தாங்கிளாஸ்ல எனக்குக் கணக்குல எத்தன மார்க்கு?"

ஸ்பீக்கர் போட்டிருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. அந்த மார்க்குக்காக அவனை நான் திட்டியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது. மார்க்கு மட்டும் ஞாபகம் இல்லை. வக்கீலைப் பற்றிக் கேட்ட பாட்டி, "நாப்பதுன்னு சொல்லிப் பாரும்" என்று மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். நாற்பது என்றேன். எழுபத்தெட்டாம். மகன் போனை வைத்துவிட்டான். கையோடு அவன் அம்மாவுக்குப் போன் செய்து, அப்பா பேரில் யாரோ ஏமாற்றுக்காரன் கிளம்பியிருக்கிறான், குரல் அச்சாக அப்பா குரல், மார்க்குதான் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறான். "அப்ப அது அப்பாவேதான்" என்றாளாம் அவள். அதற்குள் ஓடிபி காலாவதியாகி, கவுன்டரில் என் டோக்கனையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

கவுன்டரில் சின்னப் பெண். "அப்பூப்பா, ஆதார் உண்டோ?" என்றாள். தலைக்குச் சாயம் அடித்து நான்கு நாள்கூட ஆகியிருக்காது, அதற்குள் தாத்தா! கோப்பின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தேன். ஆதாரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது தமிழ்நாட்டு அட்ரஸ். ஆனா இஞ்சத்தான் தாமசம். அதுக்கு இதோ வரி ரசீது, ரசீதில உள்ள ஆளு என் மனைவிங்கறதுக்கு இதோ…" என்று வரிசையாக நீட்டினேன்.

"குழப்பமில்ல" என்றாள்.

"அசல் பாக்க வேண்டாமா?"

"வேண்டா."

"நகல்?"

"வேண்டா அப்பூப்பா. வீட்டுப்பேரு பறயூ."

கோப்பில் அது ஒன்றுதான் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கதவு எண் போதும். பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருந்தாலும் ஒருவரும் வீட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வதில்லை. கேரளத்தில் வீட்டுப்பேர் இல்லாதவன் பாதி ஆள். மனைவியின் பூர்வீக வீட்டுக்குப் 'பிலாவிளைப் புத்தன்வீடு' என்று பேர். தலைமுறை தலைமுறையாகப் புத்தன்வீடாகவே நிற்கிறது. அதைச் சொல்லாமல் வேறு ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். பின்னாலிருந்து பாட்டி, "நம்ம பிலாவிளைப் புத்தன்வீட்டு மருமவன்லா இவரு!" என்று போட்டு உடைத்தாள். பெண் அடித்துக்கொண்டாள். மாமனார் அன்றைக்கு வாய்மொழியாகக் கேட்டு நான் மறுத்த பதவி, கேரள அரசின் கணினியில் நிரந்தரமாக ஏறிவிட்டது.

ஆனாலும் யோசித்துப் பார்த்தால் அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஓடிய மார்த்தாண்ட வர்மா ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து பிழைத்ததாகச் சொல்வார்கள். அம்மச்சிப் பிலாவு என்ற அந்த மரத்தின் அடிக்கட்டையை நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் இன்றும் காணலாம். மகாராஜாவுக்கே பிலாவில்தான் இடம் கிடைத்த தாலுகா இது. எனக்குப் பிலாவிளையில் கிடைத்தால் என்ன?

அட்டையோடு நர்ஸிடம் போனேன். அழுத்தம் பார்த்தவள் முகம் மாறியது. "டென்ஷன் வல்லதும் உண்டோ?" என்றாள். மகனுடைய கணக்கு மார்க்கை அவளிடம் எப்படி விளக்குவது? பத்து நிமிஷம் உட்காரவைத்து மறுபடி பார்த்தாள். இறங்கியிருந்தது. டாக்டருக்கு என் மகன் வயசுகூட இருக்காது. பழைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்லோடிபின், அதே அளவு, தொடரட்டும் என்று எழுதினார். உப்பைக் குறைக்கவும் நடக்கவும் சொன்னார். இரண்டு மாநிலத்துக்கும் மொழியும் சாராயக் கொள்கையும் வேறாக இருக்கலாம், மாத்திரை ஒன்றுதான். கோப்பை அவரிடமாவது காட்டலாமென்று மேசைமேல் வைத்தேன். "எக்ஸ்ரே ஆணோ?" என்று கேட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது மனம் ஆறவில்லை. ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்காமல் ஒரு மனிதனை எப்படிப் பதிவு செய்யலாம்? அந்தக் காலத்தில் இப்படியா நடந்தது என்று ஆரம்பித்தேன். அந்தக் காலம் இன்னும் மோசம் என்று யோசித்த பிறகுதான் தெரிந்தது. 1838இல் நெய்யூரில் லண்டன் மிஷன்காரர்கள் வைத்தியசாலை ஆரம்பித்தார்கள். பின்னால் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாமர்வெல் 1922, 1924 இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் போனவர். ஆக்சிஜன் உருளை இல்லாமல் எட்டாயிரத்தைந்நூறு மீட்டர் உயரம் வரை ஏறியவர். முதல் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் நெய்யூரில் கிடந்த நோயாளிக் கூட்டத்தைக் கண்டு அங்கேயே தங்க முடிவெடுத்தார். அந்தக் கூட்டத்தில் யாரிடம் முகவரிச் சான்று இருந்திருக்கும்? எல்லைக்கு இந்தப் பக்கம் காரக்கோணத்தில் 2002 முதல் நடக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிக்கு அவர் பேர்தான். அவ்வளவு உயரம் ஏறியவர் பேர் விளங்கும் நாட்டில் நான் ஆஸ்பத்திரிச் சரிவுப் பாதையில் ஏறவே இரண்டு இடத்தில் கம்பியைப் பிடித்தேன்.

நெய்யாற்றின்கரை கதை இன்னும் விசேஷம். 1920களின் கடைசியில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆட்கள் திருவிதாங்கூருக்கு வந்தார்கள். இங்கே மனிதர்களின் குடலில் கொக்கிப்புழு குடியிருந்தது. வெறுங்காலோடு நடக்கிறவனின் பாதத் தோலைத் துளைத்து ஏறும் புழு அது. மழையும் ஈர மண்ணும் தோட்ட வெளிக்குப் போகும் பழக்கமும் அதற்கு ரொம்பத் தோது. 1930களில் அந்த அறக்கட்டளையின் உதவியோடு நெய்யாற்றின்கரையில் ஒரு கிராம சுகாதாரப் பிரிவும் நடந்தது. இந்தியாவில் அந்த மாதிரி முயற்சிகளில் முதன்மையானவற்றில் ஒன்று. ஆக, இந்தத் தாலுகாக்காரன் சுகாதாரத் துறையின் கணக்கில் ஏறுவது புதிசில்லை. கொக்கிப்புழுவைக் கண்டுபிடிக்க என்ன பரிசோதனை என்று எந்த மாணவனைக் கேட்டாலும் சொல்வான். அக்காலத்து அதிகாரி வீட்டு முற்றத்தில் நின்று கேட்டது ஆதாரை இல்லை. சின்ன டப்பாவைக் கொடுத்து, நாளைக் காலையில் நிரப்பி வைக்கச் சொல்லியிருப்பார். அதற்கு நகல் கேட்கும் வழக்கம் மட்டும் அன்றைக்கு இல்லாமலிருந்தால் சரி.

ராத்திரி மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சினன் மகள் இங்கிலாந்திலிருந்து பேசினாள். அங்கே நர்ஸ். அங்கெல்லாம் எப்படிம்மா என்று கேட்டேன். 1948 ஜூலை 5 முதல் எல்லாருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசத்தில் கட்டாயம் கறாராக இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. "வீட்டுக்குப் பக்கத்துல உள்ள ஜி.பி. கிட்ட முதல்ல பேரு பதியணும் மாமா. அதுக்குன்னு ஒரு ஃபாரம் உண்டு" என்றாள். ஃபாரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட என்னென்ன சான்று வைக்க வேண்டும்?

"ஒண்ணும் வேண்டாம். அட்ரஸ் புரூஃப் இல்ல, ஐடி இல்லன்னு சொல்லி ஒருத்தரயும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னுதான் விதி. சில ரிசப்ஷனிஸ்டு கேக்கும், ஆனா கேக்கக் கூடாது."

அந்தச் சில ரிசப்ஷனிஸ்டுகளை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. விதியே வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே! கடல் தாண்டியும் நம் இனம் அழிந்துவிடவில்லை.

அடுத்த வாரம் ஆஷா பணியாளர் வீட்டுக்கே வந்தார். முப்பது வயசு தாண்டிய எல்லாரையும் வாழ்க்கைமுறை நோய்களுக்காகக் கணக்கெடுக்கக் கேரளம் 2022இல் 'சைலி' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. அதற்குத்தான் போனும் கையுமாக வந்திருந்தார், தையல்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு நாடாவோடு. நான் கோப்பை எடுக்க உள்ளே போவதற்குள் என் மனைவியிடம் கேள்விகளை ஆரம்பித்துவிட்டார்.

"மாமா புகைக்குமோ?"

"இல்ல. வெத்திலை உண்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டுக் கிணத்தடியில போய்ப் போடும்."

"வாரத்துல நூத்தம்பது நிமிஷம் உடம்பு வணங்கி வேல செய்யுமோ?"

என் மனைவி சிரித்த சிரிப்பை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியாமல் அந்தப் பெண்ணும் சிரித்தார். களியக்காவிளைக்கு நகல் எடுக்க நடந்து போவதை நிமிஷக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் வாதாடினேன். வாரம் ஒரு தடவை போதாதாம். பிறகு நாடா வந்தது. ஆஷாக்கள் நாடு முழுக்க நிரப்புகிற மதிப்பீட்டுப் படிவத்தில் ஆணுக்கு இடுப்பளவு 90 செண்டிமீட்டருக்குள் நின்றால் சுழி, 100 வரை ஒன்று, அதற்கு மேல் போனால் இரண்டு. மொத்தம் நான்கைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய ஆள். நான் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மாமா, மூச்சு விடணும்" என்றார். விட்டேன். இரண்டு. எல்லாம் கூட்டிப் பார்த்ததில் நான்கைத் தாராளமாகத் தாண்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எட்டாத இடத்தை இங்கே எட்டிவிட்டேன் என்று மனைவி சொன்னதை ஆஷாவும் செயலியில் பதியவில்லை.

அவர் படியிறங்கும்போதே போன் அடித்தது. குழித்துறைப் பெண், மாத்திரைப் பையோடு வருகிறவள்.

"மாமா, வீடு பூட்டிக் கிடக்கு. ரெண்டு மாச மாத்திரை கொண்டு வந்திருக்கேன். எங்க போனீங்க?"

ஒரு காலத்தில் நெய்யாற்றின்கரைக்காக இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள். இப்போது எனக்காக. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே உடம்புக்கு இரண்டு அரசாங்கத்து மாத்திரை ஆகாது. இடம் மாறி வந்துவிட்டதைச் சொன்னேன்.

"அப்படியா? சந்தோசம். உங்க பேர எடுத்துடறேன் மாமா."

"எடுத்துடறியா? யாரோ போன்ல சொன்னா எடுத்துருவியா? நான்தான் பேசுறேன்னு உனக்கு என்ன நிச்சயம்? எழுத்துல ஒரு மனு வாங்க வேண்டாமா?"

அந்தப் பெண்ணுக்கு வாயடைத்துவிட்டது. பிறகு, "சரி மாமா, வேணும்னா எழுதித் தாங்க. ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டாப் போதும்" என்றாள்.

உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ஐயா அல்லது அம்மையீர். கேரள மாநிலம், திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரைத் தாலுகா, பிலாவிளைப் புத்தன்வீட்டில் வசிக்கும் நான், இரத்த அழுத்த நோயாளியாகத் தங்கள் பட்டியலில் தொடர விரும்பவில்லை என்றும், ஆயினும் இரத்த அழுத்த நோயாளியாகத் தொடர்கிறேன் என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இணைப்புகள் அடுத்த தாளில். "ஒரு மாத்திரை வேண்டாம்னு சொல்றதுக்கா இவ்வளவும்?" என்று தலையில் அடித்துக்கொண்டே மனைவி ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல். தேதி இல்லை, கையெழுத்து இல்லை, வரவு எண் இல்லை. இதை ஒப்புகை என்று எந்த ஆபீசில் ஏற்பார்கள்? நாளைக்குக் காலையில் பஸ் ஏறி நேரில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன்.